அண்ணி போட்ட கோடு

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போங்கள். யாரையும் கெஞ்சுகிற சுபாவம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. பேய் என்றால் நடுராத்திரி, மெழுகுவர்த்தி, நாய் ஊளை என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பட்டறையில் நான்கு டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. எதிர்வீட்டில் டிவியில் ஏதோ மேட்ச் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை வெளிச்சத்திலும் அத்தனை சத்தத்திலும்தான் நடந்தது.

நான் ஓவியர்களுக்கு அச்சு எடுத்துக் கொடுப்பவள். முக்கியமாக லினோ அச்சு. அந்தக் காலத்தில் தரையில் விரிப்பார்களே, அந்த லினோலியத்தைப் பலகையில் ஒட்டி, அதில் உளியால் படத்தைச் செதுக்குவார்கள். அதைக் கட்டை என்போம். கட்டைமேல் ரோலரால் மை பூசி, மேலே தாளை வைத்து, அதன்மேல் தடித்த கம்பளியைப் போர்த்தி, பிரஸ்ஸின் சக்கரத்தைச் சுற்றினால் அச்சு விழும். செதுக்கிய இடம் வெள்ளையாக நிற்கும். செதுக்காத இடம் கறுப்பாக விழும். தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

என் அண்ணி, அதாவது அண்ணனின் மனைவி, லினோவில் படம் செய்கிறவள். மனிதர், மரம், பூனை எதுவும் இருக்காது. வட்டம், முக்கோணம், பட்டை. அவ்வளவுதான். அவளுடைய கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மீதிப் பேர் ஒன்றும் புரியாமலே தலையாட்டுவார்கள். "இது என்னங்க?" என்று யாராவது கேட்டால் அண்ணி பொறுமையாகச் சொல்வாள்: "அது வட்டம். பக்கத்துல இருக்கறது முக்கோணம்." வேறு விளக்கம் கிடைக்காது. கல்யாணமான புதிதில் அண்ணன் எல்லோரிடமும், "நான் ஜியாமெட்ரி பாக்ஸைக் கட்டிக்கிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு அவ்வளவாகப் பிடிக்காது.

எனக்கு அவளைப் பிடிக்கும். ஒளிக்காமல் சொல்கிறேன், கூடப் பிறந்தவனைவிட அவளைத்தான் அதிகம் பிடிக்கும். என் நகக்கண்ணில் மை போகவே போகாது என்பதால் என்னை "மைக்கை" என்று கூப்பிடுவாள். குளிரில் லினோ விறைத்துக்கொண்டால் உளி வழுக்கும். அதனால் கட்டையைப் போர்வைக்குள் மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். என்ன பண்ணுகிறாய் என்றால், "அடைகாக்கறேன்" என்பாள். உடம்புச் சூட்டில் இளகிய பிறகுதான் உளியைத் தொடுவாள்.

பிரஸ் ஓடும்போது பேச்சு காதில் விழாது. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். உளியின் பிடியால் மேஜையில் ஒரு தட்டு தட்டினால், நன்றாக வந்திருக்கிறது, அடுத்ததை எடு. இரண்டு தட்டு தட்டினால், நிறுத்து.

அவளுடைய கடைசிப் படம் பெரியது. நடுவில் ஒரு கறுப்பு வட்டம். அதைக் கீழிருந்து மூன்று முக்கோணங்கள் நுனியால் தாங்கிக்கொண்டிருக்கும். முதலில் ஒரு சோதனைக் கட்டை செய்தாள். அதில் ஒரு முக்கோணத்தின் நுனி வட்டத்தைத் தொடவில்லை. ஒரு மயிரிழை இடைவெளி. "தொடல. தூக்கிப் போடு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, முழுவதையும் இன்னொரு கட்டையில் முதலிலிருந்து செதுக்கினாள். அதிலிருந்து பன்னிரண்டு பிரதி நான்தான் எடுத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சொன்ன எண்ணிக்கை அச்சானதும் ஓவியரே கட்டையின் குறுக்கே உளியால் பெருக்கல் குறி போல இரண்டு கோடு போட்டுவிடுவார். அதற்குப் பிறகு யார் அச்சு எடுத்தாலும் அந்தத் தழும்பு விழும். வாங்கினவர்களுக்கு ஓவியர் கொடுக்கிற வாக்கு அது. அண்ணி கோடு போடுகிற விதமே தனி. இரண்டாவது கோட்டை முடிக்கும்போது மணிக்கட்டை லேசாக மேலே சுண்டுவாள். கோட்டின் முடிவில் தூண்டில்முள் போல ஒரு சின்னக் கொக்கி நிற்கும்.

ஆனால் அந்தக் கட்டையில் கோடு போடுவதற்குள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். கண் மங்கியது. பிறகு எல்லாம் மங்கியது. அவள் இறந்த அன்று நான் வெளியூரில் இருந்தேன்.

அவள் இருந்தவரை சீண்டாதவர்கள், போன ஒரே வருஷத்தில் அவள் படங்களைத் தேடி அலைந்தார்கள். அப்போதுதான் அண்ணன் அந்தக் கட்டையோடு என் பட்டறைக்கு வந்தான். அவனே தூக்கிவந்து மேஜையில் வைத்தான். நான் விரலால் தடவிப் பார்த்தேன். வட்டம் முழுசாக, வழவழப்பாக இருந்தது.

"அண்ணா, இதுல கோடு போடலையே?"

"போட வேணாம்னு சொல்லிட்டா."

"அண்ணியா?"

"ஆஸ்பத்திரியில. கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா. 'மைக்கை இன்னும் கொஞ்சம் பிரதி எடுக்கட்டும். அவ பட்டறை நிக்கட்டும்'னு."

மைக்கை என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாகிற நேரத்தில் என்னை நினைத்திருக்கிறாள்! நான் எதையும் இரண்டு முறை கேட்கிறவள். அன்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமே தாள்களை நனைத்து வைத்தேன். அண்ணன் ஆறு மணிவரை கூட இருந்தான். பிறகு, "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கண்ணாடிப் பலகையில் மையைப் பரப்பினேன். கட்டையைத் தூக்கினேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மேஜைக்கு வெயில் வராது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

முதல் பிரதியை உரித்தேன். அருமையான கறுப்பு. ஆனால் வட்டத்தின் மேல் ஓரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. முடி ஏதாவது ஒட்டியிருந்தால் இப்படி விழும். கட்டையைத் துடைத்தேன். முடி இல்லை. விளக்குக்கு அடியில் சாய்த்துப் பார்த்தேன். கீறலும் இல்லை. அந்தத் தாளைக் கயிற்றில் மாட்டிவிட்டு, திரும்ப மை பூசினேன்.

இரண்டாவது பிரதி.

கோடு நீண்டிருந்தது.

வட்டத்தின் பாதிவரை வந்திருந்தது. ஓரங்கள் கூர்மையாக இருந்தன. முடி விழுந்த தடம் அப்படி இருக்காது. அது உளியின் தடம். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? கட்டையைத் தடவினேன். வழவழப்பு. தாளைப் பார்த்தேன். கோடு. மறுபடி கட்டை. வழவழப்பு. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பயம் வரவில்லை. தாள் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன்.

அப்போதுதான் எங்கிருந்தோ அந்தச் சத்தம்.

டக். டக்.

தண்ணீர்க் குழாய் என்று நினைத்தேன். எதிர்வீட்டில் யாரோ கத்தினார்கள். மேட்ச்சில் என்னவோ நடந்திருக்கிறது. மணியைப் பார்த்தேன். ஆறு இருபது. மூன்றாவது தாளை வைத்து, கம்பளியைப் போர்த்தி, சக்கரத்தில் கை வைத்தேன்.

சக்கரம் சுற்றியது. கூடவே இன்னொரு சத்தமும் வந்தது.

ஸ்ரக்க்...

கையை எடுத்தேன். சத்தம் நின்றது.

சுற்றினேன்.

ஸ்ரக்க்... ஸ்ரக்க்...

அது பிரஸ்ஸின் சத்தம் இல்லை. என் பிரஸ் எனக்குத் தெரியும். அது லினோவை உளி அறுக்கும் சத்தம். கம்பளிக்கு அடியிலிருந்து வந்தது. மூடிய தாளுக்கும் கட்டைக்கும் நடுவிலிருந்து... ஒரு ஊசிகூட நுழைய முடியாத இடத்திலிருந்து.

சக்கரத்தைவிட்டுத் தள்ளி நின்றேன்.

இந்த முறை நான் சுற்றவே இல்லை. ஆனாலும் சத்தம் வந்தது.

ஸ்ரக்க்...

கம்பளி லேசாக அசைந்தது. நடுவில். ஒரு கோடாக. மேலிருந்து கீழாக.

நின்றது.

பிறகு மறுபக்கத்திலிருந்து தொடங்கியது.

நிதானமாக. அவசரமே இல்லாமல். நன்றாக இளகிய லினோவில் போகிற உளி அப்படித்தான் போகும்.

எண்ணெய் வாசம் வந்தது. புதிதாக வெட்டிய லினோவின் வாசம்.

ஓடியிருக்கலாம். கம்பளியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

கோடு கம்பளியின் ஓரத்துக்கு வந்தது. முடியும் இடத்தில்...

மேலே ஒரு சின்னச் சுண்டு.

எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது.

"அண்ணி..."

டக்.

டக்.

குழாய் இல்லை. கம்பளிக்கு அடியில்.

நிறுத்து.

"நிறுத்திட்டேன் அண்ணி. நிறுத்திட்டேன்."

அழுதேன். பயமா, பாசமா, எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. நீதானே எடுக்கச் சொன்னாய், என் பட்டறை நிற்கட்டும் என்று நீதானே சொன்னாய் என்று ஏதேதோ உளறினேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் கம்பளியைத் தூக்கினேன். தாளை உரித்தேன்.

வட்டத்தின் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள். ஒன்றின் முடிவில் கொக்கி.

இந்த முறை கட்டையிலும் இருந்தது. நகம் நுழையும் ஆழம். கட்டையைச் சுற்றிப் பிரஸ் பலகையில் லினோச் சுருள்கள் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். மிருதுவாக, சூடாக இருந்தது. அதில் ஒரு வெளிர்நீல நூல் சிக்கியிருந்தது. என் பட்டறையில் வெளிர்நீலத் துணியே கிடையாது.

கதவு திறந்தது. அண்ணன் வந்துவிட்டான். கையில் எனக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தான்.

"எத்தன ஆச்சு?"

நான் நகர்ந்து நின்றேன். அவன் கட்டையைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

யோசித்துப் பாருங்கள். நல்ல கட்டையை யாரோ நாசம் பண்ணியிருந்தால் ஒருவன் என்ன கேட்பான்? "யார் வெட்டினது?" என்று கேட்பான். என்மேல் பாய்வான். அண்ணன் அப்படிக் கேட்கவில்லை. அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டு, இதைச் சொன்னான்:

"அவ வெட்டினது இது இல்லையே..."

டீ அவன் கையில் வழிந்தது. அவனுக்கு அது சுட்டதாகவே தெரியவில்லை.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

"அண்ணா. அண்ணி எதை வெட்டினா?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணி கேட்டிருக்கிறாள். கட்டையைக் கொண்டு வா, கோடு போட்டுவிட்டுப் போகிறேன் என்று. இவன் கொண்டுபோயிருக்கிறான்... சோதனைக் கட்டையை. அவள் தூக்கிப் போடச் சொன்ன அதே கட்டையை. கண் தெரியாதவளிடம், தடவிப் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று.

"'இதுதானா?'ன்னு கேட்டா. 'இதுதான்'னேன்."

"வாய் கூசலையா உனக்கு?"

"அவ பேரு நிக்கணும்னுதான் செஞ்சேன்."

"மைக்கைன்னு சொன்னது? என் பட்டறை நிக்கட்டும்னு சொன்னது?"

தலையைக் குனிந்துகொண்டான். அதுவும் பொய். எனக்குக் குலை நடுங்கியது கம்பளி அசைந்தபோது இல்லை, இப்போதுதான். சாகிறவளின் கையில் போலியைக் கொடுத்தவன், அவள் எனக்கு வைத்த செல்லப் பெயரை எடுத்து என் காதிலேயே பூச்சுற்றியிருக்கிறான். நானும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவனுக்காக மை பூசியிருக்கிறேன். பச்சைத் துரோகம். கூடப் பிறந்தவன் செய்தாலும் அதற்கு வேறு பெயர் கிடையாது.

"அவ வெட்டின கட்டை எங்க?"

"வீட்ல. பீரோவுல."

"எடு. இப்பவே."

அவன் வீட்டுக்குப் போனோம். பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கினான். ஆஸ்பத்திரியில் கட்டிலில் சிதறிய சுருள்களையும் கட்டையையும் நர்ஸ் ஒன்றாக ஒரு துண்டில் வைத்து முடிந்து கொடுத்தாராம். அன்று கொடுத்த முடிச்சு, தான் அவிழ்க்கவே இல்லை என்றான். இதையாவது நம்பலாம் என்று பட்டது, ஏனென்றால் முடிச்சின் மடிப்புகளில் அவ்வளவு தூசி படிந்திருந்தது.

துண்டு வெளிர்நீலம்.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தான்.

சோதனைக் கட்டைதான். மயிரிழை இடைவெளி அப்படியே இருந்தது. அதன்மேல் கோடு இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. துண்டுக்குள் ஒரு சுருள்கூட இல்லை.

"நான் பாத்தேன்... என் கண்ணு முன்னாடிதான் வெட்டினா..." என்று அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் கட்டையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

அவன் சொல்வது எதையும் இனி நான் எடுத்துக்கொள்வதாக இல்லை. அண்ணி உண்மையிலேயே வெட்டினாளா என்று அவனைத் தவிர வேறு யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். மறுவாரம் அந்தத் துண்டைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த நர்ஸைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் முழுக்க ஆனது. துண்டைப் பார்த்ததுமே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அந்தப் படம் போடற அம்மாதானே? ரெண்டு கோடு வெட்டினாங்க. கட்டில் பூரா குப்பை. நான்தான் கூட்டி எடுத்தேன்." என் கையைப் பார்த்தார். நகக்கண்ணைப் பார்த்தார். "நீங்கதான் அந்த நாத்தனாரா? மைக்கை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னைப் பத்திச் சொன்னாங்களா, சிஸ்டர்?"

"வெட்டறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் மடியிலேயே வச்சுக்கிட்டிருந்தாங்க. அப்புறம் விரலால தடவினாங்க. ஒரு எடத்துல விரல் நின்னுடுச்சு. அவங்க வீட்டுக்காரர்கிட்ட 'இதுதானா?'ன்னு கேட்டாங்க. அவரு 'இதுதான்'னார். சரின்னு வெட்டிக் குடுத்துட்டாங்க. அவரு மூட்டையத் தூக்கிட்டுப் போன பிறகு என்னைக் கூப்பிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"மருந்து மயக்கத்துல பேசறாங்கன்னு நெனச்சேன்மா. 'இது அது இல்ல சிஸ்டர், அவரு ஏமாத்தறாரு. அதை மைக்கைகிட்டதான் கொண்டுபோவாரு. அவ நம்பிடுவா. பரவால்ல, அவ மை பூசட்டும்... அப்ப வெட்டிக்கறேன்'னாங்க."

அந்த நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அண்ணன் செய்ததைவிட அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொன்றது. அவ நம்பிடுவா. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. புருஷன் ஏமாற்றுகிறான் என்று தெரிந்தே உளியைப் பிடித்திருக்கிறாள்.

நர்ஸ் துண்டை வாங்கிக்கொண்டு இரண்டடி போனார். பிறகு திரும்பி வந்தார்.

"இன்னொண்ணுமா. அதைச் சொல்லிட்டு, கட்டில் கம்பியில விரலால ரெண்டு தட்டு தட்டினாங்க. அதுக்கப்புறம் கடைசிவரைக்கும் பேசவே இல்ல. அதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.